அந்த ஒரு கோலைக் கொஞ்சம் மறந்துட்டுப் பேசலாமா?

போன வாரம் எங்க அபார்ட்மெண்ட் தமிழ்க்காரங்க ஏழெட்டுப் பேர் மொட்டை மாடியில் கூடியிருந்தோம். தில்லியில் இருபது வருஷம் குப்பை கொட்டியாச்சு, இன்னும் மாசத்துக்கு ஒரு முறை புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்து நாலு வார்த்தை தமிழ் பேசாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. பேச்சு வழக்கம்போல விலைவாசி, பையனின் கோச்சிங் கிளாஸ், ஊர் டிக்கெட் என்று சுற்றிவிட்டு எப்படியோ ஃபுட்பாலுக்கு வந்தது. பக்கத்து பிளாக் நண்பர், கும்பகோணத்துக்காரர், கிரிக்கெட் ஸ்கோரை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர், சொன்னார்:

"அந்த மணிப்பூர்ப் பையன் ஞாபகம் இருக்கா சார்? வேர்ல்ட் கப்ல இந்தியாவுக்கு முதல் கோல் அடிச்சான். அடிச்சுட்டு ஆட்டம் போட்டுட்டு இருந்தப்பவே அடுத்த நிமிஷம் இன்னொரு கோல் வாங்கிட்டான். நம்மாளுங்க எப்பவுமே இப்படித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வறுவல் தொண்டையில் நின்றுவிட்டது. இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுப்பு. அங்கேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் புளியோதரை கையில் இருக்கும்போது வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும், வீட்டம்மா வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். 2017 அக்டோபர் 9, திங்கட்கிழமை, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம், ராத்திரி எட்டு மணி. பதினேழு வயசுக்கு உட்பட்டோருக்கான உலகக்கோப்பை. இந்தியா எதிர் கொலம்பியா. எட்டு வயசுப் பையனைத் தோளில் தூக்காத குறையாக மெட்ரோவில் இழுத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் முன்னால் அமெரிக்காவிடம் 3-0 என்று தோற்றிருந்தோம், அதனால் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம் அது. ஃபிஃபா நடத்தும் உலகக்கோப்பை ஒன்றில் இந்திய அணி இறங்கியது அதுதான் முதல் தடவை. தோற்றாலும் பரவாயில்லை, பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

ஆட்டம் எப்படிப் போனது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். முதல் பாதி 0-0. திருச்சூர்ப் பையன் ராகுல் அடித்த ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, மொத்த ஸ்டேடியமும் தலையில் கை வைத்தது. 49வது நிமிடத்தில் கொலம்பியாவின் பெனலோசா கோல் அடித்தார். 82வது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் சிங் எகிறித் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். (ஸ்டாலின் என்ற பேரைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த சர்தார்ஜி "உங்க ஊரா?" என்று கேட்டார். பெங்களூர்ப் பையன் என்று சொன்னேன், ஆனாலும் கை கொடுத்தார் :-)) 83வது நிமிடத்தில் மறுபடியும் பெனலோசா. 2-1. முடிந்தது கதை.

(ஜீக்சனுக்கு அப்போது பதினாறு வயசு. அதனால் அந்த ராத்திரியைப் பற்றி எழுதும்போது 'அவன்' என்றே வருகிறது. இப்போது நேரில் பார்த்தால் 'அவர்', 'சார்' எல்லாம் போட்டுத்தான் பேசுவேன். ஆறடியைத் தாண்டிய உயரம் வேறு.)

நாம் எல்லாரும் பார்த்தது 82ஐயும் 83ஐயும்தான். ஜீக்சன் அன்று விளையாடிய இடம் எது என்று கேட்டால் மாடியில் இருந்த எட்டுப் பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. 'ஸ்ட்ரைக்கர்தானே' என்றார் ஒருத்தர். ஸ்ட்ரைக்கர் இல்லை ஐயா. டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். அவனுடைய வேலை கோல் அடிப்பதே கிடையாது.

கிரிக்கெட்டிலேயே ஊறிப்போன நமக்கு இந்த வேலையை எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்கிறேன். ஊர்க் கோயில் கொடையில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். முன்னால் உட்கார்ந்து வாசிப்பவர் பேர் நோட்டீஸில் இருக்கும், தவில்காரர் பேரும் இருக்கும். பின்னால் ஒருத்தர் கன்னம் உப்ப ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார், அந்தக் காலத்தில். ஒத்து. அவர் மூச்சு ஒரு நொடி நின்றால் முன்னால் இருப்பவரின் வித்தை எல்லாம் அந்தரத்தில் தொங்கும். அவருக்கு நாம் கொடுத்த மரியாதை என்ன? 'ஒத்து ஊதுறான்' என்பதைத் திட்டாக மாற்றி வைத்திருக்கிறோம். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரின் நிலைமையும் ஏறக்குறைய அதேதான்.

இரண்டு சென்டர் பேக்குகளுக்கு முன்னால் ஒரு பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி அந்த வாசல் வழியாகப் பந்தை நேராக உள்ளே கொண்டுவந்தால் ஆபத்து. ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனால் ஆபத்து குறைவு. அந்த வாசலை அடைப்பதுதான் இவன் வேலை. பந்தைப் பிடுங்குவது அதில் பாதிகூட இல்லை. சரியான இடத்தில் நின்றால், எதிரணிக்காரன் பார்ப்பான், வழி இல்லை என்று தெரிந்துகொள்வான், பந்தை ஓரத்துக்கோ பின்னாலோ தட்டிவிடுவான். நடக்காமல் போன அந்தப் பாஸை எந்தக் கேமரா காட்டும்? எந்த ஸ்கோர் போர்டில் வரும்?

போன மாசம் பையனும் நானும் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை மறுபடி பார்த்தோம். இப்போது அவனுக்குப் பதினாறு தாண்டிவிட்டது. அன்று ஜீக்சனுக்கு இருந்த வயசு. "அப்பா, பந்தைப் பார்க்காதீங்க, அவனை மட்டும் பாருங்க" என்றான். முதல் பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒருத்தன் நடைபயிற்சி போகிற மாதிரி இருந்தது. பந்து வலப்பக்கம் போனால் நாலடி வலப்பக்கம். இடப்பக்கம் போனால் நாலடி இடப்பக்கம். தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்புறம்தான் மெல்லப் பிடிபட்டது. கேப்டன் அமர்ஜித் பந்தைத் துரத்திக்கொண்டு மேலே போகும்போதெல்லாம் இவன் கீழே இறங்கி அந்தக் காலி இடத்தில் நிற்கிறான். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள், தௌபல் மாவட்டத்தில் ஒரே கிராமம். ஒருத்தன் போனால் ஒருத்தன் இருக்க வேண்டும் என்பது வாய் திறக்காமலே நடக்கிறது. கொலம்பியாக்காரர்கள் உயரத் தூக்கிப் போடும் பந்துகளுக்கு முதலில் எகிறுவதும் இவன்தான். முதல் பாதி முழுக்க 0-0 என்று நின்றதற்குக் கோல் கீப்பர் தீரஜைப் பாராட்டினோம், நியாயம். அந்தப் பந்தெல்லாம் தீரஜிடம் போகாமல் வழியிலேயே செத்ததற்கு யாரைப் பாராட்டினோம்?

குறை இல்லாமல் இல்லை. திரும்பும் வேகம் போதாது. பந்து காலில் வந்தபின் ஒரு வினாடி கூடுதலாக வைத்துக்கொள்கிறான், அதற்குள் இரண்டு பேர் வந்து நெருக்கிவிடுகிறார்கள். கிடைத்த பந்தை முன்னால் கொடுப்பதில் தயக்கம் இருந்தது. இரண்டாம் பாதியில் கால் கனத்துவிட்டது கண்ணுக்கே தெரிந்தது. இதையெல்லாம் சொல்லித் திட்டினால் நான் கை தட்டுவேன். ஏனென்றால் அது ஆட்டத்தைப் பார்த்துத் திட்டுவது.

சரி, அந்த 83வது நிமிடம். நண்பர் சொன்னது அதைத்தானே? "கோல் அடித்துவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தான்." முதலில் ஒன்று: கொண்டாடியது மொத்த அணியும், மொத்த ஸ்டேடியமும், என் தோளில் ஏறி நின்ற எட்டு வயசும், நானும். இரண்டாவது, நடுவர் மறுபடி விசில் ஊதிய பிறகு இந்திய அணி செய்தது தூக்கம் இல்லை. அதற்கு நேர் எதிர். எண்பது நிமிடமாகக் கோட்டைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற பிள்ளைகள், இன்னொன்று அடித்துவிடலாம் என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அந்த ஒரு நிமிடம் வாசலில் ஆள் குறைந்தது. அதில் ஜீக்சனுக்கும் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் கார்னருக்கு மேலே போகச் சொன்னது பயிற்சியாளர். உயரமான பையனைக் கார்னருக்கு அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவது? கோல் விழுந்த பிறகு அணியை இழுத்துப் பிடித்து, 'டேய், அடுத்த ஐந்து நிமிடம் பந்தைப் பின்னாலேயே வைத்து உருட்டுங்கடா' என்று சொல்லும் பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? முன்னணியில் இருந்து பழகினால்தானே முன்னணியைக் காப்பாற்றத் தெரியும்? மொத்தப் போட்டியிலும் நாம் கோல் அடித்துச் சமநிலையில் இருந்த நேரமே அந்த ஒரு நிமிடம்தான். அடுத்த ஆட்டத்தில் கானா 4-0 என்று முடித்துவைத்தது.

இங்கே ஒரு சங்கடமான உண்மை. அந்தக் கோல் விழாமல் 1-0 என்று தோற்றிருந்தால் ஜீக்சன் அன்று இன்னும் நன்றாக விளையாடினான் என்று நாலு பேர் சொல்லியிருக்கக்கூடும். அல்லது அவன் பேரே யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டாவதுதான் நடந்திருக்கும்.

கோலுக்கு மறுநாள் பத்திரிகைகளில் என்ன வந்தது? அம்மா இம்பால் சந்தையில் காய்கறி விற்கிறார். மணிப்பூர் போலீஸ் அணிக்கு ஆடிய அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். எல்லாம் உண்மைதான், படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஒரு வாரம் முழுக்க அந்தப் பையனைப் பற்றி வந்ததெல்லாம் வறுமைக் கதை. ஆட்டக் கதை எங்கே? ஜெர்மானியப் பயிற்சியாளர் இருந்த காலத்தில் இதே பையனுக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. 2017ல் போர்ச்சுகலில் இருந்து லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். முன்னவர் கண்ணில் படாதது பின்னவர் கண்ணில் எப்படிப் பட்டது? உயரமா, நிற்கும் இடமா, வேறு எதுவுமா? இதை விவரமாகத் தோண்டி எழுதிய கட்டுரை என் கண்ணில் படவில்லை. காய்கறிக் கூடையைப் போட்டோ எடுப்பது சுலபம், நிற்கும் இடத்தைப் போட்டோ எடுக்க முடியாது.

அப்புறம் அவர் தலைப்புச் செய்திக்கு வந்தது 2023 ஜூலை 4. பெங்களூரு கண்டீரவாவில் குவைத்தைத் தோற்கடித்து சாஃப் கோப்பை வென்ற ராத்திரி, தோளில் ஏழு வண்ணக் கொடியைப் போட்டுக்கொண்டு நின்றார். மணிப்பூரில் வன்முறை நடந்துகொண்டிருந்த நேரம். டிவியில் அதுதான் பேச்சு. அந்த விவகாரத்தின் சரி தப்புக்குள் நான் போகவில்லை, போனால் ஆட்டோ வரும். நான் கேட்பது இதுதான்: 2017ல் ஒரு ஹெட்டர், 2023ல் ஒரு கொடி. நடுவில் ஆறு வருஷம் இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தார்?

விளையாடிக்கொண்டிருந்தார். இந்தியன் ஏரோஸ், பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ், 2021 மார்ச்சில் ஓமனுக்கு எதிராக சீனியர் இந்திய அணி. 2021-22 சீசனில் பிளாஸ்டர்ஸ் இறுதிப்போட்டி வரை போனபோது நடுக்களத்தில் ஜீக்சனும் மிசோரமின் பூயிட்டியாவும், இரண்டு இளம் இந்தியர்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஐ.எஸ்.எல். ஆரம்பித்த 2014ல் பதினோரு பேரில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் ஆடலாம். 2017ல் ஐந்து, 2021ல்தான் நாலு ஆனது. கிளப்காரர்கள் அந்த இடங்களை எங்கே நிரப்பினார்கள்? பெரும்பாலும் நடு முதுகெலும்பில்தான். சென்டர் பேக், நடுக்களம், ஸ்ட்ரைக்கர். நம் பிள்ளைகளுக்கு மிச்சம் கிடைத்தது ஓரங்கள். அப்படி வருஷக்கணக்காக ஓரத்தில் ஓட விட்டுவிட்டு, 'இந்தியாவில் நடுவில் நின்று ஆட்டத்தைப் பிடிக்க ஆள் இல்லையே' என்று அங்கலாய்ப்பது யாரை ஏமாற்ற? நம் ஊர்ப் பக்கமே பாருங்கள், குமரிக் கடற்கரை இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் மாதிரி ஆட்டக்காரர்கள் ஓரத்தில் ஓடித்தான் பேர் வாங்கினார்கள். அந்தக் கடற்கரையில் நடுவில் நிற்கத் தெரிந்த பையனே இல்லையா? நாகர்கோவில்காரன் சொல்கிறேன், நிறைய இருந்தான்.

வெளிநாட்டிலும் இந்தக் குருட்டுத்தனம் உண்டு, ஆனால் அங்கே அதற்கு விலை கொடுத்துப் பாடம் படித்தார்கள். 2003ல் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கிய அதே கோடையில் மகலேலேயைச் செல்சீக்கு அனுப்பியது. ஓட மாட்டார், கோல் அடிக்க மாட்டார், எதற்குச் சம்பளம் ஏற்ற வேண்டும் என்ற கணக்கு. அதற்குப் பிறகு லீக் பட்டம் வெல்ல ரியலுக்கு 2007 ஆனது. செல்சீ 2004-05ல் பட்டம் வென்றபோது 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் மொத்தம் 15. இன்னும் கிட்டத்தில், 2024ல் தங்கப் பந்து விருது ரோட்ரிக்குப் போனது. அதே வருஷம் செப்டம்பரில் அவர் முழங்கால் போனது, தொடர்ந்து நாலு முறை பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டி அந்த சீசனில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஒத்துக்காரர் மூச்சு நின்றால் கச்சேரி என்னவாகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று வீட்டில் கேட்டார்கள். சொல்கிறேன், கொஞ்சம் வெட்கத்தோடுதான்.

என் பையன் பதிமூன்று வயசில் இங்கே ஒரு கோச்சிங் கேம்ப்பில் ஆறாம் நம்பர் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாமார் எல்லாம் ஃபிளாஸ்க்கில் டீயோடு கோட்டுக்கு வெளியே நிற்போம். எல்லா அப்பாவுக்கும் அவரவர் பிள்ளை கோல் அடிக்க வேண்டும். மாசம் இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறோமே! அடுத்த வீட்டுப் பையன் மூன்று கோல் அடித்தால் அவங்க அப்பா வாட்ஸ்ஆப் குரூப்பில் வீடியோ போடுவார். என் பையன் வீடியோவில் என்ன இருக்கும்? நிற்பான். நாலடி நகர்வான். திரும்பிப் பார்ப்பான். "உங்க பையன் ஓடவே மாட்டேங்கறானே சார், உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தர் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

நான் என்ன செய்தேன்? 'அவன் வேலை அது' என்று சொன்னேனா? சொல்லவில்லை. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "டேய், முன்னாடி போய் ஒண்ணு அடிடா, மரம் மாதிரி நிக்காதே!" என்று கத்தினேன். போனான். அடுத்த நிமிடம் அவன் விட்டுப்போன இடம் வழியாக வந்து எதிரணி கோல் போட்டது. கோச் அவனைத்தான் வெளியே உட்கார வைத்தார். என்னை உட்கார வைத்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து "நான் இனிமே போகலப்பா" என்றான். படிப்புக்கு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் ஜீக்சனுக்காகத் தொண்டை கிழியக் கத்திய அதே ஆள் நான்.

இரண்டு வருஷம் இடைவெளி விட்டு இப்போது மறுபடி ஆடப் போகிறான், அவனாகவே, பக்கத்து செக்டர் பார்க்கில், கோச்சும் கிடையாது ஃபீஸும் கிடையாது. என்னைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறான். ஒரு நிபந்தனை: வாயைத் திறக்கக் கூடாது.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால் கும்பகோணத்து நண்பருக்கு அனுப்பினேன், மாடியில் சொல்லாததை இப்படிச் சொல்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க என்று. பெரிய மனசு, முழுக்கப் படித்திருக்கிறார். ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது.

"எல்லாம் சரி சார். மகலேலே மேட்டர் சூப்பர். ஆனா அந்த ரெண்டாவது கோல் வரப்போ அவன் எங்க நின்னுட்டு இருந்தான்?"

கம்ப்யூட்டரைத் திறந்து 82வது நிமிடத்தில் இருந்து மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.